பழைய பிக்கப்பில் கியர் கோளாறு: பாக்ஸை இறக்கும் முன் அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

மா சீசனில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் மாங்காய் லோடு. மற்ற மாதங்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி, ஓசூர் காய்கறி, பூ. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பிக்கப் வருடம் முழுக்க லோடோடுதான் ஓடுகிறது, அதிலும் பாதி வழி ஏற்றமும் இறக்கமும். பத்து வருடம் இப்படி ஓடிய வண்டியில் கியர் மக்கர் செய்தால் உடனே "பாக்ஸை இறக்கிடலாம்" என்ற பேச்சு வரும். அது அவசரம். கியர் விழாததற்கும், தெறிப்பதற்கும், சத்தம் வருவதற்கும் காரணம் பல நேரம் கியர்பாக்ஸுக்கு வெளியில் இருக்கிறது: கிளட்ச் முழுசாக விடாமல் (இன்ஜின் சுற்றைப் பாக்ஸிலிருந்து பிரிக்காமல்) இருக்கும், தப்பான ஆயில் ஊற்றியிருக்கும், மவுண்டிங் ரப்பர் போயிருக்கும், பின் வீலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருக்கும். பாக்ஸை இறக்கி ஏற்ற ஒரு நாள் கூலி போகும், வண்டியின் வாடகையும் போகும். அதற்கு முன் அரை மணி நேரம் சோதனை செய்தால் பல வண்டிகளில் இறக்கும் வேலையே வராது.

இங்கே சொல்வது முன்னால் இன்ஜின், நடுவில் கியர்பாக்ஸ், பின் வீலுக்கு இழுவை என்று அமைந்த 5 கியர் மேனுவல் பிக்கப்புகளுக்கு. பொலீரோ பிக்கப், டாடா 207 போன்றவை இந்த வகைதான். அளவுகள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

சமமான தரையில் நிறுத்தி, வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அடியில் படுத்து வேலை செய்வதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது, ஸ்டேண்டு கட்டாயம். லோடு இருந்தால் இறக்கிவிடுங்கள்.

முதலில் ஆயில். பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் குறைவு. குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. மாற்றுவதாக இருந்தாலும் ஃபில்லர் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வடித்துவிட்ட பிறகு ஃபில்லர் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டிவரும்.

வடித்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள், அது பல விஷயம் சொல்லும். டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் தேய்கின்றன. இரும்புச் சில்லு, பல்லின் துண்டு, ஊசி ரோலர் கிடைத்தால் அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள், அப்போது பாக்ஸை இறக்குவதுதான் வழி. ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடும் ஓடையைக் கடந்தபோதோ, வாட்டர் சர்வீஸில் பாக்ஸின் மேலே காற்று போகும் துளையான பிரீதரில் நேராகத் தண்ணீர் அடித்தபோதோ இப்படி ஆகும். அந்த ஆயிலோடு தொடர்ந்து ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும். வடித்து, புது ஆயில் ஊற்றி, 100 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒரு முறை மாற்றுங்கள்.

வடிந்ததை லிட்டர் குவளையில் அளந்து, திரும்ப எவ்வளவு பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் வித்தியாசம் வந்தால் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும்.

கியர் விழவில்லை, விழுந்தாலும் இடித்துக்கொண்டுதான் விழுகிறது

அதிகம் வரும் புகாரும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் புகாரும் இதுதான். இரண்டே கேள்வியில் வழி பிரிந்துவிடும்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் லேசாக விழுந்து, ஸ்டார்ட் செய்தால் மட்டும் விழவில்லை என்றால், பாக்ஸில் குறை இல்லை. கிளட்ச் முழுசாக விடவில்லை. அணைத்த நிலையிலும் கனமாக இருந்தால் லீவர், கேபிள், செலக்டர் பக்கம் போங்கள்.

கிளட்ச் விடுகிறதா என்பதை உறுதிப்படுத்த ரிவர்ஸ் கியர் உதவும். பல பிக்கப்பில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் உண்மையை மறைக்காது. ஐடிலில் பெடலை முழுசாக மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அந்த ஐந்து விநாடியில், கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். "கர்ர்ர்" என்றால் பெடலை மிதித்திருந்தும் கிளட்ச் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து பெடலை வேகமாக நாலு தடவை அடித்துவிட்டு கியர் போடுங்கள். அடித்த பிறகு நன்றாக விழுகிறது என்றால் ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ஒழுகல். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடு எவ்வளவு தள்ளுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முதல் மிதியில் தள்ளும் அளவும், பம்ப் செய்த பின் தள்ளும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பம்ப் செய்தால் கூடுகிறது என்றால் காற்று. அப்போதே ரப்பர் ஹோஸையும் கவனியுங்கள். மிதிக்கும்போது ஹோஸ் உப்பினால் அழுத்தம் அங்கேயே வீணாகிறது, ஹோஸ் மாற்ற வேண்டும்.

வெளியில் ஒழுகல் தெரியாமலேயே பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஏமாற்றும். சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், முதல் கியர் போட்டு, பெடலை மிதித்தபடி, பிரேக்கில் கால் தயாராக வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். பெடல் அப்படியே இருக்க வண்டி மெல்ல நகர ஆரம்பித்தால், மாஸ்டர் உள்ளே இருக்கும் ரப்பர் கப் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. வெளி ஒழுகலுக்குப் பார்க்க வேண்டிய இடம் இரண்டு: பெடல் ராடு ஃபயர்வாலுக்குள் போகும் இடம் ஒன்று, கால்மிதியைத் தூக்கினால் ஈரம் தெரியும். இன்னொன்று ஸ்லேவின் ரப்பர் பூட்டு, விலக்கினால் ஃப்ளூயிட் சொட்டும். மாஸ்டர் கிட், ஸ்லேவ் கிட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதுசாக்கினால் மற்றொன்றின் பழைய கப் சீக்கிரம் கைவிடும். சிலிண்டரின் உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கோடோ குழியோ இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, முழு சிலிண்டர்தான்.

காற்று எடுக்க டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், டப்பா மூடியில் எது எழுதியிருக்கிறதோ அது, 300 மில்லி இருந்தால் போதும். ஸ்லேவ் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். பெடலை மெதுவாக மிதித்துப் பிடி, நிப்பிளைக் கால் சுற்று திற, மூடு, பிறகுதான் பெடலை விடு. இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நின்ற பிறகும் நாலு தடவை செய்யுங்கள். பாட்டிலில் வந்ததை மறுபடி ஊற்றாதீர்கள். வழியில் ஃப்ளூயிட் கிடைக்காமல் இன்ஜின் ஆயிலை ஊற்றுவது கப்புகளைக் கொல்லும் வேலை. மினரல் ஆயில் பட்ட ரப்பர் உப்பிப்போகும், பிறகு லைன் முழுவதையும் கழுவி எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும்.

கேபிள் வகைக் கிளட்ச் என்றால், மேல் உறை வெட்டுப்பட்டிருக்கிறதா, கேபிள் நார் பிரிந்திருக்கிறதா, மிதிக்கும்போது பிராக்கெட் வளைகிறதா என்று பாருங்கள். பெடலில் மேலே 15 முதல் 25 மி.மீ. வரை சும்மா போகும் இடைவெளி பொதுவாகத் தேவை. அதிகம் இருந்தால் கிளட்ச் விடாது, அறவே இல்லாவிட்டால் ஸ்லிப் ஆகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விடவில்லை என்றால்தான் காரணம் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறது: ரிலீஸ் ஃபோர்க் விரிசல், ஃபோர்க் உட்காரும் குண்டு தேய்மானம், பிரஷர் பிளேட் விரல்கள் உயரம் மாறிப்போனது, இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியது. புது கிளட்ச் போட்ட அன்றே விடவில்லை என்றால் பிளேட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏற்றும்போது பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் அப்படி ஆகும். அல்லது பிளேட்டைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். மழையில் பல வாரம் நின்ற வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கு உடனே இறக்க வேண்டியதில்லை. இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, திறந்த வெளியில் உயர் கியரில் பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்து விட்டால் பல நேரம் விட்டுக்கொள்ளும். முன்னால் ஆளோ சுவரோ இருக்கக்கூடாது, வண்டி எகிறும்.

அணைத்த நிலையிலும் கியர் கனமாக இருக்கும் கேஸில் லீவர் அடியிலுள்ள நைலான் புஷ், குண்டு இருக்கை, அங்கே உலர்ந்த கிரீஸ் ஆகியவற்றை முதலில் பார்க்கவும். கேபிளில் ஷிஃப்ட் ஆகும் வண்டியில், பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றி, பாக்ஸின் லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். அங்கே லேசாகப் போனால் கேபிள்தான் பழுது.

கியர் விழுகிறது, ஆனால் மாற்றும்போது "கர்ர்" சத்தம்

எல்லா கியரிலும் சத்தம் என்றால் மேலே சொன்ன கிளட்ச் சோதனைக்குத் திரும்புங்கள். ஒரே ஒரு கியரில், குறிப்பாக இரண்டாவதில் மட்டும் சத்தம் என்றால் சிங்க்ரோ ரிங். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் பாதையிலும் மூன்றிலிருந்து இரண்டுக்குத் திரும்பத் திரும்ப இறக்குவதால் அந்த ரிங்தான் முதலில் தேயும்.

உறுதிப்படுத்த இரட்டைக் கிளட்ச் அடித்துப் பாருங்கள். நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டாவது போடுங்கள். இப்படிச் செய்தால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் கிளட்ச் நல்லது, ரிங் தேய்ந்திருக்கிறது. வேகங்களைச் சமப்படுத்த வேண்டிய வேலையை ரிங் செய்யவில்லை, உங்கள் கால் செய்கிறது. சீசன் முடியும் வரை இப்படியே ஓட்டலாம், ஆபத்தில்லை.

பாக்ஸைத் திறந்த பின் ரிங்கை அதன் கோனில் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு நாலு இடத்தில் அளங்கள். புது ரிங்கில் 1 மி.மீ. அளவில் இருக்கும். 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றவேண்டியதுதான். கோன் கண்ணாடி போல வழுவழுத்திருந்தாலோ, கியரைப் பூட்டும் ஸ்லீவின் உள் பல் முனை மழுங்கியிருந்தாலோ ரிங் மட்டும் மாற்றினால் நிற்காது. ஹப்பையும் ஸ்லீவையும் ஜோடியாக மாற்றுங்கள்.

இதில் ஆயிலின் பங்கு பெரிது, கவனிக்கப்படுவது குறைவு. கடையில் "90 ஆயில்" என்று கேட்டு வாங்கி, ஒரே கேனைக் கியர்பாக்ஸிலும் பின் ஹவுசிங்கிலும் (டிஃபரென்ஷியல்) ஊற்றிவிடுகிறார்கள். 90 என்பது கெட்டித்தன்மை மட்டும். கேனில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று எழுதியிருப்பதுதான் தரத்தைச் சொல்கிறது. பின் ஹவுசிங்கில் உள்ள கிரவுன், பினியன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே அழுத்தும். அந்த அழுத்தத்துக்கு கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகமுள்ள ஜி.எல்.5 தேவை. அதே சேர்மானம் சூட்டில் பித்தளை, வெண்கல ரிங்குகளை அரிக்கக்கூடியது. போதாததற்கு, பிடித்து நிறுத்த வேண்டிய ரிங் அதில் வழுக்கும். பித்தளை ரிங் உள்ள பாக்ஸுக்கு ஜி.எல்.4 தான் சரி, 80 டபிள்யூ 90 போன்ற கெட்டியில், அல்லது புத்தகம் சொல்லும் கெட்டியில். பின் ஹவுசிங்குக்குத் தனியாக ஜி.எல்.5. இரண்டு கேன், இரண்டிலும் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். தப்பான ஆயில் ஊற்றி சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஆகியிருந்தால், சரியான ஆயிலை மாற்றியதுமே கியர் விழுவதில் வித்தியாசம் தெரியும். அதனால் இரண்டாவது கியர் சத்தத்துக்கு முதல் வைத்தியம் ஆயில் மாற்றுவது. லோடு வண்டியில் 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஆயிலில் ஓட்டாதீர்கள்.

மார்கழி, தை மாதத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் விடியற்காலையில் மட்டும் இரண்டாவது கியர் முரண்டு பிடித்து, நாலைந்து கிலோமீட்டர் போனதும் சரியாகிறது என்றால் அது கோளாறு இல்லை. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கிறது. 140 போன்ற அதிகக் கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தால் இது இன்னும் அதிகமாகும்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது

எப்போது கழல்கிறது என்று டிரைவரிடம் கேளுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் கழல்கிறதா, லோடோடு இழுக்கும்போது கழல்கிறதா, பள்ளத்தில் விழுந்து எழும்போதா?

பள்ளத்தில் என்றால் கியர்பாக்ஸ் மவுண்டிங், இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் பிய்ந்திருந்தால் பாக்ஸ் ஆடும், லீவர் ஆடாது, அந்த வித்தியாசம் கியரை இழுத்துக் கழற்றிவிடும். லீவர் பூட்டு கிழிந்து மடங்கி, கியர் முழுசாக விழாமல் தடுப்பதும் உண்டு. பெல் ஹவுசிங் போல்ட்டுகள் லூஸாகி இருந்தால் பாக்ஸ் இன்ஜினோடு நேர்கோட்டில் இல்லாமல் போய் கியர் கழலும். இந்த மூன்றையும் படுத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இழுக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஒரு குறிப்பிட்ட கியர் கழல்கிறது என்றால் அந்தக் கியரில் ஸ்லீவோடு பூட்டிக்கொள்ளும் டாக் பற்கள் உருண்டிருக்கின்றன, அல்லது செலக்டர் ஃபோர்க்கின் நுனி தேய்ந்து ஸ்லீவை முழுதாகத் தள்ளவில்லை. செலக்டர் ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் பல பாக்ஸில் மேல் மூடியைக் கழற்றினாலே கைக்கு வரும். ஸ்பிரிங் உடைந்திருந்தால் சொற்ப செலவில் முடியும். ஆகவே பாக்ஸை இறக்கும் முன் அதை மாற்றிப் பாருங்கள். ஃபோர்க் தேயக் காரணம் பெரும்பாலும் டிரைவரின் கை. லீவர் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால் ஃபோர்க் எப்போதும் ஸ்லீவை உரசிக்கொண்டிருக்கும்.

கழலும் கியரை ரப்பர் பட்டையால் கட்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள். தொப்பூர் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது கியர் கழன்றால் இன்ஜின் பிடிமானம் போய், முழு லோடும் பிரேக் மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. அதே காரணத்தால்தான் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதும் கூடாது. பாக்ஸுக்கும் அது கெடுதல். பின் வீலோடு இணைந்த மெயின் ஷாஃப்ட் சாலை வேகத்தில் சுற்றும், இன்ஜின் பக்கமிருந்து சுற்றி ஆயிலை வாரி இறைக்க வேண்டிய லே ஷாஃப்டோ ஐடில் வேகத்தில்தான் சுற்றும். ஷாஃப்டுக்கும் அதன் மேலுள்ள கியர்களுக்கும் நடுவே உராய்வு கூடி, ஆயில் குறைந்து, புஷ்ஷும் ஊசி பேரிங்கும் தேயும். கீழே வந்து அதே வேகத்தில் கியர் போடும்போது சிங்க்ரோவுக்கு ஒரே அடியாக வேலை.

இன்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் ஸ்லிப். டெஸ்ட்: ஹேண்ட்பிரேக் முழுதும், வீலுக்குக் கட்டை, மூன்றாவது அல்லது நாலாவது கியர், இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி கிளட்சை விடுங்கள். உடனே இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் ஸ்லிப் உறுதி. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பிளேட் எரிகிறது.

ஆனால் ஸ்லிப் என்றாலே பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக இழுத்து, ஓட ஓட ஸ்லிப் ஆகி, நிறுத்தி ஆறியதும் சரியாகிறது என்றால் பெடல் பக்கம் சந்தேகப்படுங்கள். பெடல் முழுசாக மேலே வரவில்லை என்றாலோ, மாஸ்டருக்குள் ஃப்ளூயிட் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைத்திருந்தாலோ, சூட்டில் விரிந்த ஃப்ளூயிட் திரும்பப் போக வழியின்றி ஸ்லேவை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலே வைக்காமல் பாதி கிளட்ச் மிதித்த மாதிரி. ஸ்லிப் ஆகும் நேரத்தில் நிறுத்தி ஸ்லேவ் நிப்பிளைத் திறங்கள். ஃப்ளூயிட் பீய்ச்சி, ராடு பின்னுக்குப் போய், ஸ்லிப் நின்றால் காரணம் அதுதான். மாஸ்டரைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்து, பெடல் ராடில் துளி இடைவெளி வைத்தால் முடிந்தது. புது கிளட்ச் போட்டும் சில வாரத்திலேயே எரிந்துபோகும் வண்டிகளில் இதை மறக்காமல் பாருங்கள்.

மற்றபடி பிளேட். ரிவெட் தலைக்கு மேலே லைனிங் 0.3 மி.மீ.தான் மிச்சம் என்றால் மாற்ற வேண்டும். லைனிங் தடிமனாக இருந்தும் கருத்துப் பளபளத்தால் ஆயில் பட்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட் போடாதீர்கள். கருப்பாக டீசல் வாடையோடு இருந்தால் இன்ஜினின் ரியர் ஆயில் சீல். தேன் நிறத்தில், மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர்பாக்ஸின் முன் சீல்.

லோடு கணக்கையும் பாருங்கள். 25 கிலோ தக்காளிப் பெட்டி 60 ஏற்றினாலே 1,500 கிலோ. அதன்மேல் காலிப் பெட்டிகளின் எடையும் ஆட்களும். ஆர்.சி.யில் உள்ள அளவைத் தாண்டி ஏற்றி, மண்டி வாசல் ஏற்றத்தில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்தால், எந்தக் கம்பெனி பிளேட்டும் நிற்காது. ஏற்றத்தில் நிற்கப் பிரேக்தான்.

கிளம்பும்போது உதறுகிறது

முதலில் இன்ஜின் மவுண்டிங், பிறகு ஜாயின்ட் கிராஸ், அப்புறம்தான் கிளட்ச். மூன்று பேர் பார்த்தும் கிளட்ச் மாற்றி உதறல் போகாத வண்டிகளில் மவுண்டிங்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கிளட்ச்தான் என்றால் ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரியும். லேத்தில் முகம் எடுத்தால் சரியாகும். விரிசல் ஆழமாக இருந்தால் ஃப்ளைவீலை மாற்றுங்கள்.

சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பது

நியூட்ரலில் ஐடிலில் நின்று கேளுங்கள். பெடலில் கால் இல்லாதபோது உறுமல், மிதித்ததும் நிற்கிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது லே ஷாஃப்ட் பேரிங். மிதித்ததும் "கீச்" என்று ஆரம்பிக்கிறது என்றால் பிரஷர் பிளேட்டை அழுத்தும் ரிலீஸ் பேரிங். முழுதாக மிதித்து கியரில் நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங்கையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஒரே கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல். எல்லாவற்றிலும் உறுமி, நாலாவதில் மட்டும் அடங்குகிறது என்றால் லே ஷாஃப்ட் பேரிங்குகள். இந்த வகைப் பாக்ஸில் நாலாவது பெரும்பாலும் நேர் கியர், அதில் லோடு லே ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை.

எந்தக் கியராக இருந்தாலும், வண்டியின் வேகத்துக்கு ஏற்ப மட்டும் ஏறி இறங்கும் ஊளை பின் ஹவுசிங்கிலிருந்து வருகிறது. இழுக்கும்போது ஊளை, விடும்போது ஊளை என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். விடும்போது மட்டும் என்றால் பினியன் பேரிங் லூஸா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளம்பும்போது, கியர் மாற்றும்போது "டங்" என்று ஒரு அடி கேட்டால் ஜாயின்ட் கிராஸ். வண்டிக்கு அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்டை இரண்டு கையால் முறுக்கி ஆட்டினால் தெரியும். கிராஸின் ஊசி ரோலர் உலர்ந்து செம்புழுதியாகக் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் சென்டர் பேரிங் ரப்பரும் கிழியும். கிளம்பும்போது அடியில் "தட தட" என்று அதிர்வது அதனால்தான். கழற்றும் முன் ஷாஃப்டின் இரு பாதியிலும் சாக்பீஸால் போடாமல் உளியால் ஒரு கோடு போட்டு, அதே கோட்டில் திரும்ப மாட்டுங்கள். ஒரு பல் மாறினாலும் 50 கிலோமீட்டர் வேகத்தில் அதிரும்.

ஆயில் ஒழுகல்

சீலை மாற்றியும் திரும்ப ஒழுகினால் மேலே பிரீதரைப் பாருங்கள். சேறும் கிரீஸும் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, பலவீனமான சீல் வழியாக ஆயில் வெளியேறும். கழற்றி டீசலில் கழுவி வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். பின் சீல் மாற்றும்போது ஃபிளேஞ்சில் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. சீலைக் கொஞ்சம் முன்தள்ளி அடித்துப் புது இடத்தில் உட்காரவைக்கலாம், அல்லது ஃபிளேஞ்சை மாற்றலாம்.

நடு வழியில் நின்ற வண்டியைக் கட்டி இழுப்பது

இன்ஜின் அணைந்த நிலையில், பின் வீல் தரையில் உருள, நீண்ட தூரம் இழுத்தால் பாக்ஸ் கெடும். மெயின் ஷாஃப்ட் சுற்றும், லே ஷாஃப்ட் நிற்கும், ஆயில் மேலே ஏறாது. பட்டறை தூரத்தில் இருந்தால் பின் ஹவுசிங் பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கட்டிவிட்டு இழுங்கள். இறக்கமாக இருந்தால் கயிறு வேண்டாம், கம்பி பார் வைத்து இழுக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாக இருக்கும்.

இறக்கியே ஆக வேண்டும் என்றால்

பேட்டரி நெகட்டிவ், ஆயில் வடிப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர் லீவர், ரிவர்ஸ் சுவிட்ச் வயர், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, ஸ்டார்ட்டர். ஸ்லேவ் சிலிண்டரைப் பைப்போடு விலக்கிக் கட்டிவையுங்கள், பைப்பைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்த பிறகுதான் கிராஸ் மெம்பரைக் கழற்றவும். பாக்ஸை டிராலி ஜாக்கியில் ஏந்தி, நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இறங்கிய பாக்ஸை ஏற்றும் முன் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கூடவே பைலட் பேரிங், இன்ஜின் ரியர் சீல், பாக்ஸ் முன் சீல். இந்தச் சீல்களின் விலை சொற்பம், அவற்றுக்காக மறுபடி இறக்கும் கூலிதான் பெரிது. இன்புட் ஷாஃப்டின் பல்வரியான ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும். அதிகம் தடவினால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் ஒட்டும். பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் பாக்ஸ் பக்கம் வரும். ஃப்ளைவீலில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தால் தட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

நடுமையம் பிடிக்கப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைப் பட்டறையில் வைத்திருப்பது நல்லது. அதை விட்டுப் பிளேட்டை மையப்படுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவர் வளையும், பிறகு கிளட்ச் விடாது. 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் டார்க் போதும். பாக்ஸ் ஏறும்போது கடைசி ஒரு அங்குலம் போகாமல் நின்றால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள். ஷாஃப்ட் ஸ்பிளைனில் உட்காரவில்லை என்று அர்த்தம். கியரில் போட்டு, பின் ஃபிளேஞ்சைக் கையால் லேசாகச் சுற்றினால் தானாக உள்ளே போகும். பெல் ஹவுசிங் இன்ஜினோடு கை அழுத்தத்தில் முட்டிய பிறகுதான் போல்ட்.

ஏற்றி முடித்ததும் ஆயிலை ஃபில்லர் ஓட்டை விளிம்பு வரை ஊற்றி, பெடல் இடைவெளி வைத்து, மறுபடி அந்த ரிவர்ஸ் சோதனை. புதுக் கிளட்ச் படிய முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடு ஏற்றி, மலைப் பாதை தவிர்த்து ஓட்டுங்கள். அதன் பிறகு ஒரு முறை அடியில் படுத்து, பெல் ஹவுசிங், கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்து, ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி ஆயில் அளவை விரலால் தொட்டுப் பாருங்கள்.